மூவிங் காயில் மீட்டரைத் திறக்கலாம், காந்தத்தைக் கழற்றக்கூடாது

வேலூர் பக்கம் பேட்டரி சார்ஜ் போடும் கடைகளில் மூவிங் காயில் வகை ஆம்பியர் மீட்டரின் (காந்தத்தின் நடுவே ஆடும் கம்பிச் சுருள்தான் முள்ளை நகர்த்தும்) முள் பாதி வழியில் சிக்கினால், பலர் உள்ளே இருக்கும் காந்தத்தைக் கழற்றித் துடைத்து மாட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு முள் தாராளமாக ஓடும், ஆனால் அளவு குறைவாகவே காட்டும்.

காரணம் காந்தத்தின் உலோகத்தில் இருக்கிறது. பழைய மீட்டர்களில் பெரும்பாலும் அல்னிகோ என்ற கலப்பு உலோகம்தான். அல்னிகோ 5 வகையில் அலுமினியம் 8, நிக்கல் 14, கோபால்ட் 24, செம்பு 3 சதவீதம், மீதி இரும்பு. சுமார் 1.2 டெஸ்லா வரை காந்தம் தங்கும். ஆனால் அதை அழிக்க, ஒரு மீட்டர் நீளத்துக்கு 50 கிலோ ஆம்பியர் என்ற அளவு எதிர்ப்புலமே போதும். பலம் அதிகம், பிடிவாதம் குறைவு. துருவ இரும்பும் நடு இரும்பும் சேர்ந்திருக்கும்வரை புலத்துக்கு எளிய பாதை உண்டு. கழற்றிய நொடியில் பாதை காற்றாகிவிடும், காந்தம் தன் புலத்தாலேயே இளைத்துவிடும். திரும்ப மாட்டினாலும் இழந்தது வராது.

இத்தனைக்கும் அல்னிகோவை விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் வெப்பம். 20 டிகிரியிலிருந்து அக்னி நட்சத்திரத்து 42 டிகிரிக்குப் போனாலும் அதன் புலம் அரை சதவீதம்கூடக் குறையாது. ஸ்பீக்கரில் இருக்கும் கறுப்பு ஃபெரைட் காந்தம் என்றால் 4 சதவீதத்துக்கு மேல் போய்விடும். வெயிலில் மீட்டரைப் பிசக வைப்பது செம்புக் காயில்தான்: அதே ஏற்றத்தில் அதன் மின்தடை 8 சதவீதத்துக்கு மேல் கூடும். அதைச் சமாளிக்கத்தான், வெப்பத்தில் மின்தடை அதிகம் மாறாத மாங்கனின் கம்பியைத் தொடராகச் சேர்க்கிறார்கள்.

காந்தத்தைக் கழற்றாமல் முள்ளின் சிக்கலை எடுக்கும் வழி இது.

படி 1. ஸ்கேலைப் பாருங்கள். கோடுகள் சம இடைவெளியில் இருந்து, லாட வடிவக் காந்தக் குறியும் இருந்தால் மூவிங் காயில். பூஜ்ஜியத்தை ஒட்டிக் கோடுகள் நெருங்கிக் கிடந்தால் மூவிங் அயர்ன். பம்புசெட் போர்டில் இருப்பது பெரும்பாலும் இதுதான், இதில் நிலைக்காந்தம் கிடையாது.

படி 2. மேசையை ஈரத்துணியால் துடைத்து வெள்ளைத் தாள் விரியுங்கள். கிரைண்டர், லேத் ஓடும் இடத்தில் திறக்கவே வேண்டாம். ஸ்டீல் ட்வீசரும் கூடாது. காந்தம் அதை இழுத்து ஸ்பிரிங்மேல் அடிக்கும்.

படி 3. காயில் ஆடும் இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஈர்க்குச்சி நுனியில் செல்லோ டேப்பைப் பசைப்பக்கம் வெளியே தெரியச் சுற்றி, மெல்ல விட்டு எடுங்கள். இரும்புத்தூள் கறுப்பு மீசைபோல ஒட்டிக்கொண்டு வரும். வாயால் ஊதினால் தூள் இன்னும் உள்ளே போகும், எச்சில் ஈரமும் படும்.

படி 4. இனி சோதனை. 1 மில்லி ஆம்பியர் மீட்டரானால் 9 வோல்ட் பேட்டரி, 8.2 கிலோ ஓம், 10 கிலோ ஓம் பாட் (திருகி மாற்றும் மின்தடை), டிஜிட்டல் மல்டிமீட்டர் எல்லாவற்றையும் தொடராக இணையுங்கள். ஷன்ட் (மீட்டருக்கு இணையாக மாட்டிய சிறு மின்தடை) இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். பாட் முழு மின்தடையில் தொடங்கட்டும்.

மல்டிமீட்டர் 1.0 காட்டும்போது முள் 0.9, 0.5-க்கு 0.45 என ஒரே விகிதத்தில் குறைந்தால் காந்தம் இளைத்திருக்கிறது, அல்லது காயிலில் சில சுற்றுகள் ஷார்ட். ஒரே இடத்தில் மட்டும் தயங்கினால் தூள் இன்னும் மிச்சம். எல்லா இடத்திலும் ஒரே அளவு தள்ளிக் காட்டினால் பூஜ்ஜிய ஸ்க்ரூவைத் திருப்பினால் போதும்.

இளைத்த காந்தத்துக்கு முதலில் துருவங்களுக்குக் குறுக்கே சிறு இரும்புத் தகடு இருக்கிறதா பாருங்கள். அதைச் சற்று விலக்கினால் இடைவெளியில் புலம் கூடும், முள் ஏறும். தகடு இல்லையென்றால், காந்தமேற்றும் இயந்திரம் உள்ள இடத்தில், கழற்றாமல் மாட்டியபடியே ஏற்றச் சொல்லுங்கள்.