கணக்கு மீட்புக்கு யாரை நம்பிச் சேர்ப்பது?

கைபேசி தொலைந்து கடவுச்சொல்லும் நினைவுக்கு வராத நிலையில், கணக்கு நம்முடையதுதான் என்று நமக்காகச் சாட்சி சொல்ல ஒருவரை ‘மீட்புத் தொடர்பு’ என்ற பெயரில் முன்கூட்டியே சேர்த்துவைக்கும் வசதி இப்போது பெரிய நிறுவனங்களில் இருக்கிறது. ஆப்பிள் இதை 2021இல் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 15 உடன் கொண்டுவந்தது. கூகுள் 2025 அக்டோபரில் அறிவித்தது. ஆப்பிளில் 5 பேர் வரையிலும் கூகுளில் 10 பேர் வரையிலும் சேர்க்கலாம். இப்படிச் சேர்க்கப்படுபவரால் உங்கள் மின்னஞ்சலையோ படங்களையோ பார்க்க முடியாது. மறைவுக்குப் பிறகு தரவுகளைப் பெறுவதற்கென நியமிக்கப்படுபவர் வேறு. அதற்குத் தனி அமைப்பு உண்டு.

இது எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால், யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ஆப்பிள் கணக்கு என்றால், உங்கள் நண்பர் தம் ஐபோனின் செட்டிங்ஸில் தம் பெயரைத் தொட்டு, உள்நுழைவு, பாதுகாப்புப் பகுதிக்குள் சென்று, மீட்புத் தொடர்புகளில் உங்கள் பெயரைத் தேர்ந்தெடுத்து, அங்கே கிடைக்கும் ஆறு இலக்க எண்ணை உங்களுக்குச் சொல்ல வேண்டும். கூகுளில் உங்கள் திரையில் ஓர் எண் தோன்றும். அதை நீங்கள் நண்பரிடம் சொல்ல, அவர் தமக்கு வந்த அறிவிப்பில் உள்ள எண்களிலிருந்து அதைத் தேர்ந்தெடுத்து உறுதிசெய்ய வேண்டும். இதற்கு 15 நிமிடங்கள்தான் அவகாசம். ஆகவே எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அழைத்தால் மாலையில் திரும்ப அழைப்பவர் இந்த வேலைக்குப் பொருந்த மாட்டார்.

பலரும் தங்கள்மீது அதிக அன்பு வைத்திருப்பவரையே முதலில் சேர்க்கிறார்கள். என் பார்வையில், கேட்டதும் பதறி உதவுபவரைவிட, கேட்பது நீங்கள்தானா என்று ஒருமுறை சந்தேகிக்கக்கூடியவரே பொருத்தமானவர். உங்கள் கணக்கைக் கைப்பற்ற நினைப்பவர் முதலில் குறிவைப்பது அந்தப் பதற்றத்தைத்தான். ‘அவசரம், இப்போது பேச முடியாது, எண்ணை மட்டும் அனுப்பு’ என்று உங்கள் பெயரில் ஒரு செய்தி வந்தால், பதில் அனுப்பாமல் உங்களைக் குரல்வழி அழைத்துப் பார்ப்பவராக அவர் இருக்க வேண்டும். குரலையும் போலியாக உருவாக்க முடிகிற காலம் இது என்பதால், சமூக வலைத்தளங்களில் எங்கும் பதிவாகாத, இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை முன்பே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

இதே போர்வையில் இன்னொரு மோசடியும் நடக்கிறது. ஃபேஸ்புக்கில் முன்பு 3 முதல் 5 நண்பர்களை நம்பிக்கைக்குரியவர்களாகக் குறித்துவைக்கும் வசதி இருந்தது. பின்னர் அது கைவிடப்பட்டது. ஆனாலும் ‘என் கணக்கு முடங்கிவிட்டது, உன்னைத்தான் மீட்புக்குக் குறித்திருக்கிறேன், உனக்கு வரும் எண்ணை அனுப்பு’ என்று கேட்கும் செய்திகள் நிற்கவில்லை. அப்படி வரும் எண் பெரும்பாலும் செய்தியைப் பெற்றவரின் சொந்தக் கணக்கைத் திறப்பதற்கானது. எனவே நீங்கள் சேர்க்கும் நபரிடம், எஸ்எம்எஸ்ஸில் தானாக வந்து சேரும் எண்ணை யார் கேட்டாலும், நீங்களே கேட்டாலும், தரக்கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, உங்களுக்கு வரும் அதே ஆபத்து அவருக்கும் அதே நேரத்தில் வருமா என்பது. வாழ்க்கைத் துணையை மட்டும் சேர்த்துவிட்டு இருவரும் ஒன்றாகப் பயணம் செய்யும்போது, கைபேசிகள் இரண்டும் இருக்கும் ஒரே பை திருடுபோனால், ஒருவருக்கொருவர் உதவ வழியில்லாமல் போய்விடும். ஆகையால் ஒருவர் வீட்டிலும் மற்றொருவர் வேறு ஊரிலும் இருக்குமாறு குறைந்தது இருவரைச் சேர்ப்பதே சரி. உங்கள் கைபேசியின் பூட்டு எண்ணை அறிந்து, அதை அடிக்கடி கையில் எடுக்கும் ஒருவரைச் சேர்ப்பதற்கு முன் நன்றாக யோசியுங்கள். உறவு கசந்தால் உங்கள் கருவியும் மீட்பு எண்ணும் ஒரே கையில் இருக்கும். கட்டுப்படுத்தும் சுபாவம் உள்ள துணையோடு வாழ்பவர்களுக்கு இது வெறும் கற்பனை அல்ல.

தகுதி நிபந்தனைகள் சில உண்டு. ஆப்பிளில் அவர் 13 வயதைக் கடந்தவராகவும், ஆப்பிள் கருவி வைத்திருப்பவராகவும், தம் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னோர் எண்ணையும் கேட்கும் முறையை) இயக்கியவராகவும் இருக்க வேண்டும். கூகுளில் அவருக்கும் கூகுள் கணக்கு வேண்டும்.

சேர்த்த பிறகு பலர் மறப்பது தொலைபேசி எண்ணை. நண்பரின் எண் நீங்கள் திறக்க முடியாத அந்தக் கணக்குக்குள் மட்டுமே இருந்தால், எத்தனை பேரைச் சேர்த்தும் பயனில்லை. யாரைச் சேர்த்தீர்கள் என்ற விவரத்தை ஆப்பிள் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. அதனால் வாடிக்கையாளர் சேவையில் கேட்டும் தெரிந்துகொள்ள முடியாது. பெயர்களையும் எண்களையும் ஒரு தாளில் எழுதி, அடையாள ஆவணங்களோடு வைத்துவிடுங்கள். நண்பரிடமும் அவருடைய கைபேசியில் உங்கள் பெயர் எந்த இடத்தில் தெரிகிறது என்பதை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நண்பர் ஐபோனைக் கைவிட்டு ஆண்ட்ராய்டுக்கு மாறினாலோ, உங்களுக்கிடையே பேச்சு நின்றுபோனாலோ, பட்டியலிலிருந்து அவரை நீக்கிவிட்டு, அதே நாளில் வேறொருவரைச் சேர்த்துவிடுங்கள்.