ஆட்டம் நிற்காத வெல்டிங் மேசை: என் அனுபவம்

2 மீட்டருக்கு 1 மீட்டர், 12 மி.மீ. இரும்புத் தகடு. ஏறக்குறைய 188 கிலோ. அப்படியிருந்தும் மூலையில் தட்டினால் ‘டக்’ என்று ஆடும்.

காலுக்கடியில் ரப்பர் வைத்தேன். அது நசுங்கியதுதான் மிச்சம். குறுக்குச் சட்டம் பற்றவைத்தும் பலனில்லை.

கடைசியில் தகட்டை இறக்கிவிட்டு, அதைத் தாங்கும் சட்டத்தில் மூலைக்கு மூலை இரண்டு நூல்களை இழுத்துக் கட்டினேன். சட்டம் சமமாக இருந்தால் இரண்டும் நடுவில் தொடவேண்டும். ஆனால் 3 மி.மீ. இடைவெளி! பற்றவைத்த சூட்டில் சட்டம் முறுக்கிக்கொண்டிருந்தது. ஒரு விஷயம்: மேல் நூலைக் கீழே மாற்றிக் கட்டியும் பாருங்கள். முறுக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் நூல்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு, தொடுவதுபோலவே ஏமாற்றும்.

தாழ்ந்த எதிரெதிர் மூலைகள் இரண்டிலும் 3 மி.மீ. தகட்டுத் துண்டு வைத்து, நூல்கள் லேசாக உரசியதும் மேல்தகட்டை ஏற்றி போல்ட் போட்டேன். பற்றவைக்கவில்லை, சூடு பட்டால் மறுபடி முறுக்கும். இப்போது சம்மட்டியால் அடித்தாலும் அசைவதில்லை. அப்பாடா!