மதுரை மொட்டை மாடியிலிருந்து வியாழனைப் பார்ப்பது எப்படி

வியாழனுக்குத் தரை கிடையாது. டெலஸ்கோப்பில் தெரிவது முழுக்க மேகத்தின் மேற்பரப்பு. அதற்குக் கீழே ஹைட்ரஜனும் ஹீலியமும் இறுகிக்கொண்டே போகின்றன. 1995 டிசம்பரில் கலிலியோ விண்கலம் இறக்கிய ஆய்வுக் கருவி எதிலும் போய் மோதவில்லை. ஏறக்குறைய 1 மணி நேரம் தகவல் அனுப்பிவிட்டு, வெப்பத்திலும் அழுத்தத்திலும் அடங்கிப்போனது. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் கண்ணில் படும் ஒவ்வொன்றுக்கும் காரணம் புரியும்.

வியாழன் நல்ல பிரகாசமான கோள். அதற்காக அழகர்கோவில் வரை போக வேண்டியதில்லை, ஊருக்குள் தெருவிளக்கு வெளிச்சத்திலேயே தெரியும். மதுரையில் தொல்லை வெளிச்சமல்ல, சூடு. பகலெல்லாம் காய்ந்த தளம் இரவில் அனலைக் கக்கும். வெயிலில் தார்ச்சாலைக்கு மேல் காட்சி நெளிவதுபோல் கோளும் நெளியும். 10 மணி வரை பொறுங்கள். டெலஸ்கோப்பை அரை மணி நேரம் முன்னாடியே வெளியே வைத்துவிடுங்கள். குழாயும் கண்ணாடியும் வெளிக்காற்றின் சூட்டுக்கு வராவிட்டால் எவ்வளவு திருகினாலும் ஃபோகஸ் நிற்காது.

2027இல் வியாழன் சூரியனுக்கு நேரெதிரே வருவது பிப்ரவரி இரண்டாவது வாரத்தில், அதாவது தை கடைசியில். பொழுது சாயும்போது யானைமலைப் பக்கமாக எழும்பி, நள்ளிரவு தாண்டியதும் ஏறத்தாழ உச்சந்தலைக்கு வந்துவிடும். டாப்சோனியன் (பெட்டி போன்ற சுழல்தாங்கியில் உட்காரும் டெலஸ்கோப்) வைத்திருப்பவர்கள் அதற்குள் பார்த்து முடிப்பது நல்லது. நேர் உச்சியில் அந்தத் தாங்கியைத் திருப்புவது பெரும்பாடு.

1,200 மி.மீ. குவியத் தூரமுள்ள 6 அங்குல டெலஸ்கோப்பில் 10 மி.மீ. ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ்) போட்டால் 120 மடங்கு கிடைக்கும். அது போதும். 300 மடங்குக்கு ஏற்றினால் படம் பெரிதாகும், ஆனால் மங்கிக் கலங்கிவிடும்.

முதலில் வடிவத்தைப் பாருங்கள், வட்டமாக இருக்காது. 9 மணி 55 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றுவதால் நடுப்பகுதி பிதுங்கிவிட்டது: நடுவில் விட்டம் 1,42,984 கி.மீ., துருவத்துக்குத் துருவம் 1,33,708 கி.மீ. நீண்ட பக்கத்துக்கு இணையாக இரண்டு பழுப்புப் பட்டைகள் ஓடும். இடையிலுள்ள வெளிர் பகுதிகள் உயரத்தில் மிதக்கும் அமோனியாப் பனி மேகங்கள். தெற்குப் பட்டையின் ஓரத்தில்தான் பூமியைவிடப் பெரிய புயலான பெரும் சிவப்புப் புள்ளி இருக்கிறது. அடர் சிவப்பைத் தேடினால் தவறவிட்டுவிடுவீர்கள். வெளிர் காவி நிறத்தைத் தேடுங்கள். பார்க்கும் நேரத்தில் அது மறுபக்கத்திலும் இருக்கலாம், சில மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள்.

கோளின் பக்கத்தில் ஒரே வரிசையில் நிற்கும் புள்ளிகள் வியாழனின் நிலவுகளான அயோ, யுரோப்பா, கனிமீட், கலிஸ்டோ. அவற்றைப் பார்க்க 10x50 பைனாகுலரே போதும், முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

பார்த்ததை வரைவதுதான் கண்ணைப் பழக்கும் நல்ல வழி. 75 மி.மீ. அகலம், 70 மி.மீ. உயரத்தில் நீள்வட்டத்தை முன்கூட்டியே போட்டு வையுங்கள். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு பட்டைகளை முதலில், சிவப்புப் புள்ளியை அடுத்து, நுணுக்கங்களைக் கடைசியில் வரையுங்கள். 10 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். அதற்குள் கோள் 6 பாகை திரும்பிவிடும்.