பழைய கேம்கார்டரில் நாயனமும் தவிலும் தெளிவாகப் பதிய

கோயில் திருவிழாவில் நாயனக் கச்சேரியை முழுசாகப் பதிய வேண்டும். என் பட்ஜெட்டுக்குப் பழைய கேம்கார்டர்தான் கட்டுப்படியானது. ஸூம், மெகாபிக்சல் எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். 3.5 மி.மீ. மைக் ஜாக், ஹெட்போன் ஜாக், ஒலி அளவை நாமே கூட்டிக் குறைக்கும் வசதி, இவை இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். கடைசியாகச் சொன்னது இல்லாத கேமராவை, விலை எவ்வளவு குறைந்தாலும், கச்சேரிக்கென்று வாங்காதீர்கள். ஒலி அளவைக் கேமராவே தானாகச் சரிசெய்யும் ஆட்டோவில் விட்டால் தவிலில் ஓங்கி ஓர் அடி விழுந்ததும் கேமரா மொத்த ஒலியையும் அமுக்கிவிடும். நாயனம் அமுங்கிப்போய் மெல்ல மேலே வரும். கேட்கவே வேதனை.

இவை இருந்த ஒரு கேமராவை எடுத்து, முதலில் லென்ஸை மூடி, கெயினை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் அமைப்பை) கூட்டிச் சிறிது நேரம் பதிந்து டிவியில் போட்டுப் பார்த்தேன். கெட்ட பிக்சல் இருந்தால் கறுப்பில் நகராத புள்ளியாகத் தெரியும். இதில் இல்லை.

கோளாறு மைக் ஜாக்கில் இருந்தது. இடது பக்கம் கரகரப்பு. ஒயரை அசைத்தால் கூடியது. வேறு மைக் போட்டும் அதே கதை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பழைய பிளக் ஒன்றில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை லேசாகத் தடவி, ஜாக்கில் செருகித் திருகி எடுத்தேன். கறுப்பாக அழுக்கு ஒட்டி வந்தது. நன்றாகக் காயவிட்டதும் பெருமளவு சரியானது. மிச்சக் கரகரப்பு ஒயரின் இழுவையால்; எல் வடிவ பிளக் மாட்டி, ஒயரைக் கைப்பிடியோடு கட்டியதும் நின்றது.

இப்போது தவிலின் ஓங்கிய அடி, ஒலி அளவைக் காட்டும் மீட்டரில், உச்ச வரம்பான 0-க்குக் கீழே மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி வைத்து, ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பதிகிறேன்.