"வீட்டுக்கு அனுப்பிடுவேன்": இணைய மிரட்டலின் முதல் நாளில் நடக்கும் தவறுகள்

கல்லூரி மாணவி ஒருவருக்கு ஃபேக் ஐடியிலிருந்து மார்ஃபிங் செய்த படம் வருகிறது. கூடவே ஒரு வரி: "உங்க அப்பா நம்பர் என்கிட்ட இருக்கு." படம் பொய் என்பது இருவருக்குமே தெரியும். ஆனால் வீட்டில் "நீ என்ன பண்ணினே?" என்றுதான் முதலில் கேட்பார்கள் என்று இருவருமே நம்புகிறார்கள். மிரட்டுபவனின் பிழைப்பு அந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

அதனால்தான் பலர் வீட்டுக்குத் தெரியாமல் பணம் அனுப்பிப் பார்க்கிறார்கள். அனுப்பியதும் அடுத்த தொகை கேட்கப்படும்; பயந்தவர் யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டதே. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணை அழையுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். நேரம் ஆக ஆகப் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும், முடக்குவது கடினம்.

இன்னொரு தவறு, அவமானத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுவது. சாட்சியும் அதோடு போய்விடும். முதலில் சேமிப்பு, பிறகு ரிப்போர்ட், கடைசியில்தான் பிளாக். ஸ்கிரீன்ஷாட்டை வெட்டாமல், நேரமும் தேதியும் தெரியும்படி எடுங்கள். புரொஃபைலின் லிங்க், ஒவ்வொரு பதிவின் லிங்க் தனித்தனியாக வேண்டும். காட்டும் பெயரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஐடியின் பெயரை நொடியில் மாற்றிவிடலாம் என்பதால், புரொஃபைலில் தொடங்கி சாட்டின் அடிவரை ஸ்க்ரோல் செய்து ஒரு ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுப்பது நல்லது. வாட்ஸாப் என்றால் எண் தெரியும் பக்கத்தையும் எடுத்து, சாட்டை எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். ரிப்போர்ட் செய்யும்போது சாட்டையும் அழிக்கவா என்று செயலி கேட்டால் டிக்கை எடுத்துவிடுங்கள். அந்த போனை ஃபார்மட் செய்யவோ விற்கவோ வேண்டாம். மின்னணுச் சான்றுக்கு, பாரதிய சாட்சிய அதினியத்தின் (பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் கேட்பார்கள். மூலக் கருவி கையில் இருந்தால் வேலை எளிது.

வீட்டார் செய்வதில் மோசமானது போனைப் பிடுங்குவதும் படிப்பை நிறுத்துவதும். அடி வாங்கியவருக்கே தண்டனை. அடுத்த முறை வாயே திறக்க மாட்டார். அடுத்தது, "யாருன்னு கண்டுபிடிங்க" என்று அந்தப் படத்தையே குடும்ப குரூப்பில் போடுவது. ஆபாசப் படத்தை அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகளில் குற்றம். நல்லெண்ணத்தில் அனுப்பிய சித்தப்பாவும் பதில் சொல்ல வேண்டிவரலாம். அண்ணன் ஆள் திரட்டிக்கொண்டு அடிக்கப் போனால் வழக்கு நம் பக்கம் திரும்பும். வீட்டில் ஒருவர் மட்டும், பெரும்பாலும் அக்காவோ அத்தையோ, விஷயத்தைக் கையில் எடுக்கட்டும்.

நிறம், உடம்பு, ஆங்கில உச்சரிப்பு என்று கலாய்ப்பது வேறு வகை. பதிலுக்கு நண்பர்களை இறக்கிவிட்டால் அந்தப் பதிவுதான் மேலே ஏறும். இன்ஸ்டாகிராமில் ரெஸ்ட்ரிக்ட் செய்தால் அவன் போடும் கமெண்ட் அவனுக்கு மட்டுமே தெரியும். பிளாக் செய்தால் கண்டுபிடித்துவிடுவதைப் போல இதை எளிதில் கண்டுபிடிக்க மாட்டான், அதனால் வேறு ஐடியில் வருவது குறையும். மறைக்க வேண்டிய சொற்களின் பட்டியலில் தமிழ் வசவுகளை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதுவார்களோ அத்தனையையும் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு எழுத்துக்கூட்டலைப் போட்டுவிட்டு, வடிகட்டி வேலை செய்யவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் அதிகம்.

புகாரை சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ கொடுக்கலாம். தளத்தில் பெயர் சொல்லாமல் கொடுத்தால் புகாரின் நிலையைப் பின்தொடர முடியாது. மனுவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை எழுதாதீர்கள். அதை 2015-இலேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது, இன்னும் சிலர் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 18 வயது கடந்தவர்கள், அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க உதவும் 'ஸ்டாப் என்சிஐஐ' தளத்தையும் பயன்படுத்தலாம். படம் போனைவிட்டு வெளியே போகாது, அதன் டிஜிட்டல் கைரேகை (படத்தை அடையாளம் காட்டும் குறியீடு) மட்டுமே போகும். இதில் சேர்ந்திருக்கும் தளங்களில்தான் பலன். வாட்ஸாப் ஃபார்வர்டுகளை இது பிடிக்காது.

தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்று பேச்சு வருகிறது என்றால் அன்றிரவு தனியாக விடாதீர்கள். மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் சுகாதார உதவி எண் 104. இரண்டிலும் தமிழில் பேசலாம்.

படம் உறவினர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா? அவர்கள் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். அப்பாவோ அம்மாவோ முந்திக்கொண்டு எல்லோருக்கும் ஒரே வாசகத்தை அனுப்பட்டும்: "இது மார்ஃபிங் செய்த படம். போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம். உங்களுக்கு வந்தால் எந்த எண்ணிலிருந்து வந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு அழித்துவிடுங்கள்."