அடிக்‌ஷன் பற்றி ஆன்லைனில் வெளிநாட்டு முதுநிலை: எங்கிருந்து தொடங்குவது?

டீ-அடிக்‌ஷன் சென்டரில் வேலை பார்க்கும் கவுன்சிலர்கள், நர்ஸ்கள், எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுநிலை) முடித்தவர்கள் எல்லோருக்கும் போதை அடிமைத்தனம் பற்றி வெளிநாட்டு முதுநிலைப் பட்டம் படிக்கும் ஆசை உண்டு. வேலையை விடாமல் படிக்க வழியும் இருக்கிறது.

1. எதற்காகப் படிக்கிறீர்கள்?

இந்தப் படிப்புகளில் பெரும்பாலானவை மூளை அறிவியல், சிகிச்சை ஆய்வுகள், அரசுக் கொள்கை பற்றியவை. சிகிச்சை தரும் உரிமம் இதில் வராது. இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு வேண்டும், அது வேறு பாதை.

2. பணம் கட்டும் முன் கொஞ்சம் படித்துப் பாருங்கள்

குடிப்பழக்கத்தை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' கேள்வித்தாள் இலவசம். 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண், 8-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டிய குடி. இரண்டாவது கேள்வி: குடிக்கும் நாளில் எத்தனை 'டிரிங்க்'?

எதிரே இருப்பவர் "ஒரு குவார்ட்டர் சார்" என்கிறார். 180 மி.லி.யில் 42.8 சதவீதம் என்றால் 77 மி.லி. ஆல்கஹால், எடையில் சுமார் 61 கிராம். பிரிட்டனில் ஒரு யூனிட் 8 கிராம், ஆஸ்திரேலியாவில் ஒரு டிரிங்க் 10 கிராம், அமெரிக்காவில் 14. அதாவது அதே குவார்ட்டர் லண்டனில் ஏழரை, அடிலெய்டில் 6, வர்ஜீனியாவில் நாலு சொச்சம். கேள்வித்தாளின் கட்டங்களை (7-9 டிரிங்க் என்றால் 3, 5-6 என்றால் 2, 3-4 என்றால் 1) அப்படியே போட்டால் மதிப்பெண் முறையே 3, 2, 1! ஒரு நாட்டு ஆய்வை இன்னொரு நாட்டில் எப்படிப் படிப்பது என்பதுதான் இந்தப் படிப்பின் பாதி வேலை. இந்தக் கணக்கு சுவாரஸ்யமாக இருந்தால் மேலே போங்கள். சலிப்பாக இருந்தால் லட்சங்கள் மிச்சம்.

3. படிப்பைத் தேடுங்கள்

மேலே அந்த மூன்று இடங்களைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரி, அடிலெய்டு பல்கலைக்கழகம், வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து 'இன்டர்நேஷனல் புரோகிராம் இன் அடிக்‌ஷன் ஸ்டடீஸ்' என்ற ஆன்லைன் படிப்பை உருவாக்கின. இப்படிக் கூட்டுப் படிப்புகளில் பங்காளிகள் மாறலாம். நீங்கள் சேரும் ஆண்டில் பட்டத்தில் யார் பெயர் இருக்கும் என்று கேளுங்கள். பிரிட்டனில் முதுநிலைக்கு 180 கிரெடிட். 60-ல் சான்றிதழ், 120-ல் டிப்ளமோவோடு நிறுத்திக்கொள்ள வழி உண்டா என்றும் பாருங்கள். வேலை பார்ப்பவர்களுக்கு அதுதான் நல்லது என்பேன்.

4. பட்டம் இங்கே செல்லுமா?

அரசு வேலை, பிஎச்.டி. என்று யோசனை இருந்தால் ஆன்லைன் வெளிநாட்டுப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று கிடைக்குமா என்று யுஜிசியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

5. விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்கக் கடிதம்

"சமுதாயத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். "சிகிச்சை முடித்து வீட்டுக்குப் போனவர்கள் மறுபரிசோதனைக்கு ஏன் வருவதில்லை?" என்று உங்கள் வார்டில் எழுந்த ஒரு கேள்வியை எழுதுங்கள். நோயாளியின் பெயர், ஊர் வரக்கூடாது. ஐ.இ.எல்.டி.எஸ். (ஆங்கிலத் தேர்வு) மதிப்பெண் எவ்வளவு வேண்டும் என்று பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்திலேயே இருக்கும்.

6. நேரக் கணக்கு

லண்டனில் மாலை 4 மணிக் கெடு என்றால் நமக்குக் கோடையில் இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. வர்ஜீனியாவின் மாலை வகுப்பு நமக்கு விடிகாலை. நைட் டியூட்டி பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்.