பழைய தறி குடோனைப் பட்டறையாக மாற்றுவது எப்படி?

சோமனூர், பல்லடம், மங்கலம் பக்கம் போனால் பூட்டிக் கிடக்கும் தறி குடோன்களை ஊருக்கு ஊர் பார்க்கலாம். தறிகள் பழைய இரும்பு விலைக்குப் போய்விட்டன. கட்டடம் மட்டும் நிற்கிறது. எங்கள் வீட்டை ஒட்டி நின்ற அப்படி ஒரு குடோனை, மரவேலையும் இரும்பு வேலையும் செய்கிற பட்டறையாக மாற்றி முடித்திருக்கிறேன். 40 அடி நீளம், 30 அடி அகலம், செங்கல் சுவர், சிமெண்ட் ஷீட் கூரை. இதே மாதிரி இடம் கையில் இருக்கிறவர்களுக்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். காலி செய்வது, வெள்ளையடிப்பது, கதவுக்குப் பூட்டு போடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. மிஷின் எதையும் இப்போது வாங்காதீர்கள். கோவை கணபதியில் நல்ல லேத் (இரும்பைக் கடையும் மிஷின்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று யார் சொன்னாலும் பொறுங்கள். முக்கால் டன் எடையை நடுவீட்டில் இறக்கிவிட்டால், அப்புறம் அதன் அடியில் தரையும் போட முடியாது, அதைச் சுற்றி வயரும் ஒழுங்காக இழுக்க முடியாது. கூரை, தரை, கரண்ட், இடம் பிரிப்பது, கடைசியில் மிஷின். இந்த வரிசை மாறக் கூடாது.

கூரை

தறி ஓடிய குடோனில் கூரைச் சட்டங்களின் மேல் பஞ்சு படிந்திருக்கும். கீழிருந்து பார்த்தால் சாதாரண ஒட்டடை போலத்தான் தெரியும். ஏணி போட்டு ஏறி ஆங்கிளின் மேல்பக்கம் விரலை வைத்தால் மெத்தென்று உள்ளே போகும். வெல்டிங் பொறி ஒன்று அதில் பட்டால் போதும், தீ சட்டம் சட்டமாகத் தாவிவிடும். ஆகவே உள்ளே கிரைண்டரோ வெல்டிங் மிஷினோ எடுக்கும் முன் இந்தப் பஞ்சு முழுவதும் இறங்க வேண்டும்.

ஆனால் விளக்குமாற்றால் தட்டிப் பெருக்காதீர்கள். பழைய சிமெண்ட் ஷீட் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தது. அந்த நார் நுரையீரலில் தங்கினால் பல வருடம் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும். பூச்சிமருந்து படாத கை ஸ்ப்ரேயரில் தண்ணீர் பிடித்து, பஞ்சை நன்றாக நனைத்து, ஈரமாகவே வழித்துப் பையில் கட்டுங்கள். வாயில் துண்டைக் கட்டிக்கொள்வது இந்த வேலைக்குப் போதாது, நுண்தூசிக்கான ஃபில்டர் வைத்த முகக்கவசம் வாங்குங்கள். ஷீட்டில் ஓட்டை போடுவது, வெட்டுவது, உரசிக் கழுவுவது எதுவும் வேண்டாம். உடையாமல் இருக்கிற ஷீட்டை அப்படியே விட்டு, கீழே ஃபால்ஸ் சீலிங் அடிப்பது நல்லது, சூடும் குறையும். உடைந்திருந்தால் பழக்கப்பட்ட ஆளை வைத்து நனைத்து இறக்கி, மெட்டல் ஷீட்டுக்கு மாறிவிடுங்கள்.

இன்னொன்று. அந்தச் சட்டங்கள் கூரையைத் தாங்கப் போட்டவை. மிஷின் தூக்க செயின் பிளாக்கை அதில் மாட்டாதீர்கள். பாரம் தூக்குகிற இரும்பு முக்காலி தனியாக வாடகைக்குக் கிடைக்கும்.

தரை

என்னை அதிக நாள் நிறுத்தி வைத்த வேலை இதுதான். விளக்கமாகச் சொல்கிறேன்.

தறி நின்ற இடத்தில் போல்ட் முனைகள் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைக் கட்டிங் வீல் போட்டுத் தரைமட்டத்துக்கு அறுத்துவிடலாம், அது சுலபம். உண்மையான சிக்கல் எண்ணெய். வருடக்கணக்கில் தறிக்கு விட்ட எண்ணெய் சொட்டிச் சொட்டி தரைக்குள் இறங்கியிருக்கும். வந்து பார்த்த கொத்தனார் ஒரு சொம்பு தண்ணீரைத் தரையில் ஊற்றினார். நடைபாதையாக இருந்த இடத்தில் தண்ணீர் உடனே ஊறிக் கருத்தது. தறி நின்ற இடத்தில் முத்து முத்தாகத் திரண்டு உருண்டு ஓடியது. “எண்ணெய் குடிச்ச தரைங்கண்ணா, மேல போடறது ஒட்டாதுங்க” என்றார். இந்தச் சோதனையை நீங்களும் தரை முழுக்கச் செய்து பாருங்கள். தண்ணீர் திரள்கிற இடத்தையெல்லாம் சாக்பீஸில் வட்டம் போட்டு வையுங்கள். வட்டம் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதை வைத்துத்தான் அடுத்த முடிவு.

அங்கங்கே கொஞ்சம் இருந்தால், மேலிருக்கும் பிசுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, சலவை சோடா கரைத்த சுடுதண்ணீர் ஊற்றிக் கம்பி பிரஷால் தேய்த்துக் கழுவலாம். மறுபடி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அப்போதும் திரண்டால் அந்த இடத்தை பிரேக்கர் வைத்து, சுத்தமான கான்கிரீட் தெரியும் வரை கொத்தி எடுக்க வேண்டும். பிறகு சிமெண்ட் பால் அடித்து மேலே போடலாம்.

பாதித் தரைக்கு மேல் எண்ணெய் என்றால் ஒட்ட வைக்கிற முயற்சியே வேண்டாம். பழைய தரை மேல் கனமான பாலிதீன் ஷீட்டை விரித்து, அதன் மேல் வெல்டட் மெஷ் (கம்பி வலை) வைத்து, நாலு அங்குலத்துக்குக் குறையாமல் எம்20 தரக் கான்கிரீட் போடுங்கள். புதுத் தளம் பழையதோடு ஒட்டாமல் தன் கனத்திலேயே நிற்கும். எனக்கு இந்த முறைதான் பிடித்தது. செலவு கூட, ஆனால் பின்னால் பெயர்ந்து வராது. தரை நாலு அங்குலம் உயர்ந்துவிடும் என்பதால் ஷட்டர், கதவு, வாசல்படி எல்லாவற்றையும் முன்பே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மட்டம் பார்க்க லேசர் இருந்தால் சரி. இல்லாவிட்டால் கொத்தனார்கள் வைத்திருக்கிற தண்ணீர் டியூபே போதும், 40 அடிக்குள் அது பொய் சொல்லாது. டியூபுக்குள் காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது, இதைக் கவனிக்காவிட்டால் மட்டம் போய்விடும். வெயிலில் கிடந்த டியூபில் பொடிக் குமிழிகள் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்; விரலால் சுண்டிச் சுண்டி மேலே ஏற்றிவிட்டு, இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து ஒரே உயரம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே அளக்கத் தொடங்குங்கள். சுவர் நெடுக மூன்றடி உயரத்தில் மட்டக்கோடு அடித்துவிட்டால், அங்கிருந்து கீழே அளந்து எந்த மூலை எவ்வளவு பள்ளம் என்று கண்டுபிடித்துவிடலாம்.

லேத் வருகிற இடத்தில் மட்டும் பழைய தரையை உடைத்து, ஒன்பது அங்குலக் கனத்தில் தனி மேடை போடுங்கள். போல்ட் வருகிற இடங்களில் தெர்மாகோல் கட்டை வைத்துக் குழி விட்டுவிட்டு, மிஷினை நிறுத்தி மட்டம் பார்த்த பிறகு சுருங்காத கிரவுட் (குழியை நிரப்பும் சிமெண்ட் கலவை) ஊற்றலாம். பாத்தி கட்டி ஏழு நாளாவது தண்ணீர் நிறுத்த வேண்டும். கனமான மிஷினை 28 நாளுக்குப் பிறகு ஏற்றுங்கள்.

கரண்ட்

தறி குடோனில் த்ரீ பேஸ் ஏற்கெனவே இருக்கும், அதிர்ஷ்டம்தான். ஆனால் அந்த இணைப்பு விசைத்தறிக்கான சலுகைக் கட்டணத்தில் இருக்கும். 2023 முதல் இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம் என்பது துணி நெய்வதற்குத் தரப்படுவது. அதில் பட்டறை ஓட்டினால், 2003 மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி இரு மடங்குக் கட்டணம் போடலாம். முறையாக எழுதிக் கொடுத்துக் கட்டண வகையை மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய வயரிங்கை முழுக்கக் கழற்றிவிடுங்கள். தறிக்கு ஒரு குதிரைத்திறன் அளவு மோட்டார்தான், அதற்கு இழுத்த வயர் மரம் இழைக்கிற உங்கள் பிளேனருக்குத் தாங்காது. ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஐந்து எச்பி மரம் அறுக்கும் மிஷின், இரண்டு எச்பி தூசு உறிஞ்சி, மூன்று எச்பி கம்ப்ரசர் மூன்றும் சேர்ந்து ஓடினால் ஏழரை கிலோவாட், விளக்கு தனி. பேனல் வரை ஆறு ஸ்கொயர் எம்எம் காப்பர், த்ரீ பேஸ் மிஷின்களுக்கு இரண்டரை, பதினாறு ஆம்ப் பிளக்குகளுக்கு நான்கு என்று நான் இழுத்திருக்கிறேன். ஒவ்வொரு மிஷினுக்கும் தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் விழுகிற சுவிட்ச்). பிளக்குகளுக்கு 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழுகிற சுவிட்ச்) கட்டாயம். எர்த் குழி இரண்டு தோண்டுங்கள், கோடையில் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.

மோட்டாரை வெறும் சுவிட்சில் ஓட்டாதீர்கள், ஸ்டார்ட்டர் வையுங்கள். கரண்ட் போனதும் ஸ்டார்ட்டர் விழுந்துவிடும். திரும்ப வந்தாலும் நீங்கள் அமுக்கினால்தான் ஓடும். சுவிட்சில் இருக்கிற ரம்பம், நீங்கள் பிளேடைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் வந்தால் தானாகச் சுற்றும். கூடவே, ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடுகிற சிங்கிள் பேஸ் பிரிவென்டர் ஒன்றும் மாட்டிவிடுங்கள். கிணற்று மோட்டார் வைத்திருக்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

மோட்டாரில் என் விருப்பம் பழையதுதான். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்ததிலிருந்து மில்லும் மோட்டாரும் பழகிய மண் இது. ரீவைண்டிங் கடைக்குப் பஞ்சமே இல்லை. கோயமுத்தூரில் செய்த பழைய வார்ப்பிரும்பு மோட்டாரை வாங்கிக் காயில் கட்டி பேரிங் மாற்றினால், மலிவான புது மோட்டாரைவிட நிம்மதியாக ஓடும்.

விளக்குக்கு ஒரு கணக்கு: 1200 சதுர அடி என்பது சுமார் 111 சதுர மீட்டர். 300 லக்ஸ் வேண்டுமானால் 33,000 லூமென்; சுவரும் தூசும் தின்பதைச் சேர்த்தால் 55,000. இருபது வாட் எல்இடி டியூப் ஒன்று 2000 லூமென் தரும், ஆக 28 டியூப். மூன்று பேஸிலும் பிரித்துப் போடுங்கள்.

இடம் பிரிப்பது

இங்கே காற்றைக் கேட்காமல் எதுவும் வைக்கக் கூடாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று மேற்கு ஜன்னலில் அறைந்து கிழக்கே போகும். மரத்தூள் கிளம்புகிற வேலையும் பெயிண்ட் அடிப்பதும் கிழக்குப் பக்கம் இருந்தால் தூசு தானே வெளியேறும். வெல்டிங்கும் கிரைண்டிங்கும் மேற்குப் பக்கம். ஆனால் அதே காற்று பொறியை மரத்தூளுக்குக் கொண்டுபோகும் என்பதால், நடுவில் ஹாலோ பிளாக் சுவர் ஒன்று கட்டாயம். மரத்தூளுக்குள் விழுந்த பொறி மணிக்கணக்கில் கங்காகக் கிடந்து, நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு பற்றும். மிக் வெல்டிங் (கேஸ் ஊதிக்கொண்டே செய்யும் வெல்டிங்) செய்கிறவர்கள் மேற்கு ஜன்னலை மூடி வைக்க வேண்டும், காற்றடித்தால் கேஸ் கலைந்து வெல்டு துளைதுளையாக வரும். ஐப்பசி, கார்த்திகை மழை கிழக்கிலிருந்து சாய்த்து அடிக்கும். கிழக்கு வாசலுக்கு ஒரு சாய்ப்பு இறக்கிவிடுங்கள்.

மரம் அறுக்கும் மிஷினுக்கு முன்னும் பின்னும் எட்டடி காலியிடம் வேண்டும், பிளைவுட் ஷீட்டின் நீளம் அதுதான். கம்ப்ரசரை வெளியே சாய்ப்பில் வையுங்கள். பெல்ட் ஓட்டுகிற பிஸ்டன் கம்ப்ரசர் போதும். கோவையில் 1960இல் தொடங்கிய எல்ஜி ஈக்விப்மெண்ட்ஸின் பழைய மாடல் கிடைத்தால் விடாதீர்கள், பாகம் எங்கும் கிடைக்கிறது. காற்று லைனுக்கு பிவிசி பைப் கூடவே கூடாது, வெடித்தால் சில்லு சில்லாகச் சிதறும். ஜிஐ பைப்பை லேசான சரிவில் ஓட்டி, தாழ்ந்த முனையில் தண்ணீர் வடிக்க ஒரு வால்வு வையுங்கள்.

மிஷின் இறக்குவது

பைப் துண்டுகளை அடியில் போட்டு கடப்பாரையால் நெம்பி உருட்டுவதுதான் இன்றைக்கும் நல்ல வழி. வயர் கொடுத்ததும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பட்டனை ஒரு தட்டு தட்டி, மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். தலைகீழாகச் சுற்றினால் மூன்றில் இரண்டு வயரை இடம் மாற்றினால் போதும். மரை போட்ட ஸ்பிண்டில் உள்ள பழைய லேத்தில் இது முக்கியம். தலைகீழாக ஓடினால், ஸ்பிண்டிலில் மாட்டியிருக்கிற சக் (வேலைத்துண்டைப் பிடிக்கும் பாகம்) கழன்று வந்துவிடும்.

பிறகு சேர்த்தது

படித்துவிட்டு ஈரோட்டிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவர் இடத்தில் சிங்கிள் பேஸ்தான். டிரைவ் (சிங்கிள் பேஸை த்ரீ பேஸாக மாற்றித் தரும் பெட்டி) வைத்து த்ரீ பேஸ் மோட்டாரை ஓட்டினால் இழுவை இல்லை, ஆர்சிசிபியும் அடிக்கடி விழுகிறது என்றார். இரண்டும் தனித்தனிச் சிக்கல். 230 வோல்ட் டிரைவ் 230க்கு மேல் தராது. மோட்டார் காயில்களை 415 வோல்ட்டுக்கு ஸ்டார் முறையில் இணைத்திருந்தால், அந்த உள் இணைப்பை 230 வோல்ட்டுக்கு ஏற்ற டெல்டா முறைக்கு மாற்ற வேண்டும், ரீவைண்டிங் கடையில் செய்து தருவார்கள். ஆர்சிசிபி விழுவது டிரைவின் ஃபில்டரிலிருந்து எர்த்துக்குக் கசிகிற கரண்டால். டிரைவைப் பிளக்குகளோடு சேர்க்காமல் தனி லைனில், 100 மில்லிஆம்ப் ஆர்சிசிபியில் போடுங்கள்.

கறிக்கோழிப் பண்ணைக் கொட்டகையில் இதைச் செய்யலாமா என்று இன்னும் சிலர் கேட்டார்கள். செய்யலாம். எண்ணெய்த் தொல்லை இல்லை, ஆனால் தரை மெலிதாக இருக்கும் என்பதால் முழுத் தளமும் புதிதாகப் போட வேண்டும். பக்கமெல்லாம் வலைதானே, சுவரும் எழுப்ப வேண்டும். கையில் பணம் குறைவு என்றால் மேற்குச் சுவரை மட்டும் முதலில் கட்டுங்கள், ஆனி பிறக்கும் முன் அது நின்றாக வேண்டும்.